ஐந்தாவது முறை அவர் எதுவும் கேட்கவில்லை

அன்று எனக்கு இரவுப் பணி. அவசர சிகிச்சைப் பிரிவின் நடைபாதையில் மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டு போகும்போதும் வரும்போதும், சுவரோரம் நின்றிருந்த ஒருவர் என்னை நிறுத்தி, “சிஸ்டர், அப்பாவுக்கு ஸ்கேன் எப்போது எடுப்பார்கள்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். முதல் முறை நின்று, “இதோ, கூப்பிடுவார்கள்” என்றேன். இரண்டாவது முறையும் அதையே சொன்னேன். மூன்றாவது முறை நடந்துகொண்டே சொன்னேன். நான்காவது முறை அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னேன். ஐந்தாவது முறை அவர் எதுவும் கேட்கவில்லை. என் தோளைப் பிடித்துத் தள்ளினார். டிராலியின் விளிம்பில் மணிக்கட்டு மோதியது, ஊசிகள் வைத்திருந்த தட்டு கவிழ்ந்தது, பக்கத்துப் படுக்கையில் இருந்த குழந்தை வீறிட்டு அழுதது. ஸ்கேன் இயந்திரம் பழுதாகி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது என்பது விடிந்த பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. நான் அவருக்குச் சொன்ன பதில் நான்கு முறையும் பொய். அது பொய் என்று எனக்கே தெரியாது.

மணிக்கட்டில் ஐஸ் வைத்துக் கட்டிவிட்ட மூத்த செவிலியர், என் மேல் மிகுந்த பிரியம் உள்ளவர், “இந்த வேலையில் இதெல்லாம் சகஜம்மா, மனசுல வச்சுக்காத” என்றார். அவர் தம் பங்குக்குக் கடிபட்டிருக்கிறார், முகத்தில் எச்சிலை வாங்கியிருக்கிறார், ஒருமுறை ட்ரிப்ஸ் ஸ்டாண்டால் அடியும் வாங்கியிருக்கிறார். மறுநாள் நிகழ்வு அறிக்கைப் படிவம் கைக்கு வந்தது. நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி: “இந்நிகழ்வைத் தவிர்க்கப் பணியாளர் என்ன செய்திருக்கலாம்?” பேனாவை மூடி வைத்துவிட்டேன். அந்தப் படிவம் பல மாதங்கள் என் அலமாரியில் மடிந்து கிடந்தது. பிறகு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

பிற்பாடு வேறொரு மருத்துவமனையில் பணியாளர் பாதுகாப்புக் குழுவில் இடம் கிடைத்தபோது, இப்படி எழுதாமல் விட்டவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று புரிந்தது. 2015ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஓராண்டில் தாம் சந்தித்த வன்முறையை மருத்துவமனையின் முறையான பதிவில் ஏற்றாதவர்கள் 88 சதவீதம் என்று தெரிந்தது. அவர்களில் பலர் மேலதிகாரியிடம் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னது அத்தோடு காற்றில் போய்விட்டது. எழுதாததற்குக் காரணம் கேட்டால் எங்கள் வார்டுகளில் வந்த பதில்கள் இவைதான்: நேரமில்லை, எழுதி என்ன ஆகப்போகிறது, நோயாளிக்குப் பாவம் சுய நினைவில்லை, எழுதினால் என்னைத்தான் கேள்வி கேட்பார்கள். கடைசிக் காரணத்தைச் சொல்லும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்தினார்கள்.

பதிவில் ஏறாவிட்டாலும் எண்கள் சிறியவை அல்ல. 2019இல் 253 ஆய்வுகளைத் தொகுத்து, 3,31,544 சுகாதாரப் பணியாளர்களின் விடைகளைக் கணக்கிட்ட ஒரு மதிப்பாய்வின்படி, முந்தைய ஓராண்டுக்குள் நோயாளியாலோ பார்வையாளராலோ ஏதேனும் ஒரு வகை வன்முறைக்கு ஆளானோர் 61.9 சதவீதம், உடல்ரீதியாகத் தாக்கப்பட்டோர் 24.4 சதவீதம். சுகாதாரப் பணியாளர்களில் 8 முதல் 38 சதவீதத்தினர் தம் பணிக்காலத்தில் ஒரு கட்டத்தில் உடல்ரீதியான வன்முறையை அனுபவிக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அமெரிக்காவில் 2018இல் பணியிட வன்முறையால் ஏற்பட்ட, உயிரிழப்பில் முடியாத காயங்களில் 73 சதவீதம் சுகாதாரப் பணியாளர்களுக்கு நேர்ந்தவை. சுரங்கத்திலோ கட்டுமானத்திலோ ஒரே வகை விபத்து இந்த அளவுக்குத் திரும்பத் திரும்ப நடந்தால், அதைத் தொழிலாளியின் தலையெழுத்து என்று யாரும் விட்டுவிட மாட்டார்கள்.

என் அனுபவத்தில் அடி விழுவதற்கு முன்பு பெரும்பாலும் அந்த நான்கு முறை இருக்கிறது. சில நேரம் அது நான்கு கேள்வி, சில நேரம் நான்கு மணி நேரக் குழப்பம், சில நேரம் மூன்று ஷிஃப்டுகளில் மூன்று பேர் தனித்தனியே கவனித்து ஒருவரோடொருவர் பகிராமல் விட்ட அறிகுறிகள். அவற்றை நிறுவனம் எண்ணுகிறதா, எண்ணியதை வைத்து ஏதாவது மாற்றுகிறதா என்பதில்தான் தடுப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். என்னைத் தள்ளியவர் செய்தது குற்றம். அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. ஆனால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டதாலேயே அடுத்த குற்றம் தடுக்கப்பட்டுவிடாது.

அடிக்கிறவர்கள் எல்லோரையும் ஒரே தராசில் நிறுப்பதும் ஒரு தவறு. இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை முடிந்த ஒரு முதியவர், பகலில் மிக மரியாதையாகப் பேசுகிறவர், மூன்றாம் இரவில் ஓர் இளம் செவிலியரின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். கைகளைக் கட்டிவைக்கலாமா என்று தொலைபேசியில் கேட்டார்கள். நேரில் போய்ப் பார்த்தபோது அவருடைய மூக்குக்கண்ணாடி இழுப்பறையில் இருந்தது. காது கேட்கும் கருவி அதன் பெட்டியிலேயே இருந்தது. தலைக்கு மேல் விளக்கு இரண்டு இரவுகளாக அணைக்கப்படவில்லை. ரத்தச் சர்க்கரையும் ஆக்சிஜன் அளவும் சரியாக இருந்தன. போர்வையை விலக்கிப் பார்த்தால், சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டு அடிவயிறு கல்போல இருந்தது. குழாயை மாற்றி, கண்ணாடியை மாட்டி, கருவியைக் காதில் பொருத்தி, விளக்கைத் தணித்து, மகளை அருகில் உட்காரவைத்தோம். அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டார். அவர் அறைந்தது ஒரு நோய்க்குறி. காய்ச்சலைப் போல அதற்கும் காரணம் தேட வேண்டியிருந்தது. அறை வாங்கிய பெண்ணுக்கு அது எவ்வகையிலும் குறைவாக வலித்திருக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர் அதைப் பதிவு செய்யவில்லை. “பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது அக்கா” என்றார். தெரியாதுதான், ஆனால் எழுதியிருந்தால், குழாய் அடைப்பு அந்த வார்டில் அந்த மாதத்தில் எத்தனையாவது முறை என்பது எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இத்தகைய முன்னறிகுறிகளை எண்ணுவதற்கு நார்வேயில் மனநல வார்டுகளுக்காக உருவான பிரோசெட் வன்முறைச் சரிபார்ப்புப் பட்டியல் என்று ஒன்று உண்டு. அதில் ஆறே ஆறு விஷயங்கள்: குழப்பம், எரிச்சல், ஆர்ப்பாட்டம், வாய்மிரட்டல், உடல்மொழியால் மிரட்டல், பொருள்களைத் தாக்குதல். இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். கூட்டுத்தொகை மூன்றைத் தொட்டால் அடுத்த 24 மணி நேரத்துக்கு ஆபத்து அதிகம் என்று கொண்டு உடனே முன்னேற்பாடு செய்ய வேண்டும். அனுபவமுள்ள செவிலியர் இதை உள்ளுணர்வாலேயே அறிவார் என்று வாதிடலாம். அறிவார், ஆனால் அவருடைய உள்ளுணர்வு ஷிஃப்ட் முடிந்ததும் அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. தாளில் எழுதிய ‘மூன்று’ அடுத்து வருபவரின் கைக்குப் போகிறது.

மற்றொரு வகை, சுய நினைவோடு இருப்பவர்களின் கோபம். அதன் பெரும்பகுதி காத்திருப்பில் விளைகிறது. அதிலும் கடிகாரத்தைவிடத் தகவலின்மைதான் அதிகம் கொதிக்க வைக்கிறது. பின்னால் வந்தவர் முன்னால் உள்ளே போகிறார், ஏன் என்று யாரும் சொல்வதில்லை. ரத்தம் எடுத்துப் போனார்கள், முடிவு வந்ததா என்று தெரியவில்லை. வெள்ளுடையில் பத்துப் பேர் கடந்து போகிறார்கள், யார் மருத்துவர் என்று புரியவில்லை. இங்கிலாந்தின் டிசைன் கவுன்சிலும் பியர்சன்லாய்டு என்ற வடிவமைப்பு நிறுவனமும் சேர்ந்து அவசர சிகிச்சைப் பிரிவுகளில் ஒரு சோதனை செய்தன. நீங்கள் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள், இந்த அறையில் என்ன நடக்கும், அடுத்து என்ன, சிலர் ஏன் முன்னதாக அழைக்கப்படுகிறார்கள் என்பனவற்றை எளிய வார்த்தைகளில் சுவரில் எழுதி வைத்தார்கள். நோயாளிகளில் 75 சதவீதத்தினர் காத்திருக்கும்போது ஏற்படும் எரிச்சலை அது குறைத்ததாகச் சொன்னார்கள். மிரட்டும் உடல்மொழியும் ஆக்ரோஷமான நடத்தையும் பாதியாகக் குறைந்தன. செலவிட்ட ஒவ்வொரு பவுண்டுக்கும் மூன்று பவுண்டு பயன் கிடைத்ததாக மதிப்பீடு கூறியது. பலகைகளுக்குக் காவலாளியைப் போல மாதச் சம்பளம் இல்லை என்று எங்கள் நிர்வாகியிடம் இதை எடுத்துச் சொன்னபோதுதான் அவர் முதன்முதலாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எங்களிடம் வடிவமைப்பாளர்கள் இல்லை. ஒரு வெள்ளைப் பலகையும், அரை மணிக்கு ஒருமுறை காத்திருப்போர் பகுதியைச் சுற்றி வரும் ஓர் ஆளும்தான் இருந்தார்கள். அந்த ஆளுக்கு நாங்கள் வகுத்த விதி ஒன்றே: ‘இதோ’ என்ற சொல்லை உச்சரிக்கக் கூடாது. “இயந்திரம் பழுது, சரிசெய்ய ஆள் வந்திருக்கிறார், எப்போது சரியாகும் என்று எனக்குத் தெரியாது, அரை மணியில் திரும்பி வந்து சொல்கிறேன்” என்று சொல்லலாம். சொன்னால் திரும்பி வந்தே ஆக வேண்டும், புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும். தொடக்கத்தில் பலர் இதை வேண்டாத வேலை என்றார்கள். ‘தெரியாது’ என்று சொன்னால் ஜனங்கள் இன்னும் கொதிப்பார்கள் என்றார்கள். கொதித்தவர்கள் மிகச் சிலரே.

மரணச் செய்தியைச் சொல்லும் தருணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பொருள்கள் உடைபடுவதும், மருத்துவர்கள் சூழப்பட்டுத் தாக்கப்படுவதும் பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடத்தில்தான். வாசலில் நின்றபடி, முகக்கவசத்தை இறக்காமல், பதினைந்து உறவினர்களுக்கு நடுவே ஓர் இளம் பயிற்சி மருத்துவர் “எங்களால் முடிந்ததைச் செய்தோம்” என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பும் காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த வாக்கியத்தைக் கேட்டவர்களுக்கு முதலில் எதுவும் புரிவதில்லை. இருக்கிறாரா, போய்விட்டாரா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். புரியும்போது சொன்னவர் அங்கே இல்லை. மூடிய கதவு மட்டும் இருக்கிறது. முதல் அடி கதவில்தான் விழுகிறது.

செய்ய வேண்டியது என்னவென்று தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியாமல் இல்லை. நிலைமை மோசமாகிறது என்பதை மோசமாகும்போதே சொல்ல வேண்டும். மாலை ஐந்து மணிக்கு “இன்னும் கொஞ்ச நேரத்தில் நிலைமை கைமீறலாம்” என்று கேட்டவருக்கு இரவு ஒன்பது மணிச் செய்தி இடியாக விழாது. தனி அறை வேண்டும், உட்கார நாற்காலி வேண்டும், குடும்பத்தில் நெருக்கமான இருவர் மூவரை மட்டும் அழைத்துச் செல்ல வேண்டும். சிகிச்சையை நடத்திய மூத்தவர் பேச வேண்டும், பக்கத்தில் இன்னொருவர் இருக்க வேண்டும். ‘இறந்துவிட்டார்’ என்ற சொல்லைச் சொல்லியே ஆக வேண்டும். அதன்பின் பேசாமல் இருக்க வேண்டும். அந்த அறையில் மருத்துவரின் நாற்காலி கதவுக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. இதை எழுதும்போது ஒரு கசப்பு எட்டிப் பார்க்கிறது: இரங்கலைச் சொல்லப் போகிறவர் தப்பிக்கும் வழியையும் நினைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒரே மனதால் செய்ய முடியும் என்பதைப் பழக்கத்தில் கற்றேன்.

லண்டன் கிங்ஸ் கல்லூரியின் லென் போவர்ஸ் வழிநடத்திய, மனநல வார்டுகளில் மோதலைக் குறைப்பதற்கான ‘சேஃப்வார்ட்ஸ்’ திட்டத்தில் உள்ள பத்து நடைமுறைகளில் ஒன்று இதற்கு நெருக்கமானது: நோயாளிக்குக் கெட்ட செய்தி ஏதேனும் வரப்போகிறது என்று தெரிந்தால், அது வார்டிலிருந்து வெளியே போய்வர விடுப்பு மறுக்கப்பட்டதாக இருந்தாலும் சரி, உறவினர் வரவில்லை என்பதாக இருந்தாலும் சரி, வெடிப்பதற்கு முன்பே போய் அருகில் உட்காருவது. 15 மருத்துவமனைகளின் 31 மனநல வார்டுகளில் நடந்த சோதனையில் மோதல்கள் 15 சதவீதமும், கட்டிவைத்தல், தனிமைப்படுத்தல் போன்ற கட்டுப்பாட்டு நடவடிக்கைகள் 26.4 சதவீதமும் குறைந்ததாக 2015இல் வெளியான முடிவுகள் கூறின. பிரமிப்பூட்டும் எண்கள் இல்லைதான். ஆனால் இதற்காக யாரும் புதுக் கருவி எதையும் வாங்கவில்லை.

கட்டடத்தைப் பற்றிச் சொல்வதானால், பகலில் வரைபடத்தை வைத்துக்கொண்டு பேசுவதில் பயனில்லை. இரவு இரண்டு மணிக்கு வார்டுச் செவிலியரோடு நடக்க வேண்டும். அப்படி நடந்தபோதுதான் எங்களுக்குச் சில விஷயங்கள் தெரிந்தன. ஆலோசனை அறையில் மேசை போடப்பட்டிருந்த விதத்தில், நோயாளிதான் கதவுக்கும் மருத்துவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். அபாய மணியின் பொத்தான் கோப்பு அலமாரிக்குப் பின்னால் இருந்தது. அதை அழுத்தினால் எங்கே ஒலிக்கும் என்று கேட்டோம்; அழுத்தியும் பார்த்தோம்; பூட்டிக் கிடந்த ஓர் அறையில் ஒலித்தது. மருந்து அறைக்குப் போகும் மூலையில் விளக்கு எரியவில்லை, எதிரே வருபவர் தெரிய வளைந்த கண்ணாடியும் இல்லை. செவிலியர்கள் கழுத்தில் அணிந்திருந்த அடையாள அட்டை நாடா இழுத்தால் அறுந்து விடும் வகை இல்லை. யாராவது பிடித்து இழுத்தால் அதுவே சுருக்குக் கயிறு. சட்டைப் பையில் எல்லோரும் கத்தரிக்கோல் வைத்திருந்தோம், அதன் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இவற்றில் பெரும்பாலானவற்றை ஒரு வாரத்தில் சரிசெய்ய முடிந்தது. விளக்குக்கு மட்டும் நான்கு மாதம் ஆனது; ஏன் என்று இன்றுவரை யாராலும் விளக்க முடியவில்லை.

காவலாளிகளும் உலோகக் கண்டறிவிகளும் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர மருத்துவமனை ஒன்று வாசலில் சோதனை முறையைக் கொண்டுவந்தபோது ஆறு மாதத்தில் 33 கைத்துப்பாக்கிகளும் 1,324 கத்திகளும் உள்ளே போகாமல் தடுக்கப்பட்டன. நியூயார்க்கில் ஒரு மருத்துவமனை பார்வையாளர்களுக்கு நிறவாரியாக அனுமதிச் சீட்டு கொடுத்து, குறிப்பிட்ட தளத்துக்கு மட்டும் போக விட்டதில், பதிவான வன்குற்றங்கள் 18 மாதங்களில் 65 சதவீதம் குறைந்தன. ஆயுதம் வரும் இடத்தில் ஆயுதத்தைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் என்னைத் தள்ளியவரிடம் ஆயுதம் இல்லை. அவர் வாசலில் எந்தச் சோதனையையும் தேறியிருப்பார். காவலாளியை ஓடிவரச் சொல்லும் நேரத்தில் ஐந்தாவது முறை வந்துவிட்டிருக்கும்.

பயிற்சியைப் பற்றி நான் எழுதுவது சிலருக்குப் பிடிக்காது, ஏனென்றால் நிர்வாகங்களுக்கு மிகவும் பிடித்த தீர்வு அதுதான். ஒரு நாள் வகுப்பு, ஒரு சான்றிதழ், ஒரு குழுப் புகைப்படம். சுகாதாரப் பணியாளர்களுக்குத் தரப்படும் கல்வியையும் பயிற்சியையும் ஆராய்ந்து 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வு, அவை அறிவையும் மனப்பாங்கையும் மேம்படுத்தலாம், ஆனால் வன்முறை நிகழ்வுகளின் எண்ணிக்கையைக் குறைக்காமல் போகலாம் என்ற முடிவுக்கு வந்தது. சான்றுகளின் தரம் குறைவு என்பதையும் சேர்த்தே சொன்னது. நான் பயிற்சிக்கு எதிரி இல்லை. நேருக்கு நேர் நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நிற்பது, கை நீட்டினால் எட்டாத தூரம் விடுவது, குரலை இறக்குவது, ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுவது, ‘அமைதியாக இருங்கள்’ என்று கட்டளையிடாமல் ‘சொல்லுங்கள், கேட்கிறேன்’ என்பது ஆகியவை எனக்குப் பலமுறை உதவியிருக்கின்றன. ஆனால் முப்பது படுக்கைக்கு இருவர் இருக்கும் இரவில், பயிற்சி பெற்ற அந்த இருவருக்கும் நின்று கேட்க நேரம் ஏது?

எனக்கு மிகவும் நம்பிக்கை தந்தது வேறொரு சோதனை. அமெரிக்காவில் ஏழு மருத்துவமனைகளின் 41 பிரிவுகளில் நடந்த அந்த ஆய்வின் முடிவுகள் 2017இல் வெளிவந்தன. பாதிப் பிரிவுகளுக்கு அவரவர் வார்டில் நடந்த வன்முறை நிகழ்வுகளின் விவரம் தரப்பட்டது. யார், எங்கே, எந்த நேரத்தில், எந்த வேலை நடக்கும்போது. அந்தத் தகவலைக் கையில் வைத்துக்கொண்டு மேற்பார்வையாளர்களும் பணியாளர்களும் தங்கள் வார்டுக்கான திட்டத்தைத் தாங்களே வகுத்தார்கள். மற்றப் பாதிக்கு எதுவும் தரப்படவில்லை. ஆறு மாதத்தில், தகவல் பெற்ற பிரிவுகளில் வன்முறை நிகழ்வுகளின் விகிதம் மற்றவற்றின் பாதி அளவுக்கு இறங்கியிருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்தும் வன்முறையால் ஏற்படும் காயங்கள் அங்கே தெளிவாகக் குறைவாக இருந்தன. அலமாரியில் மடிந்து கிடந்த என் படிவத்தை நினைத்துக்கொண்டுதான் இதைப் படித்தேன். எங்கள் வார்டின் எண்களை எங்களுக்கு யாரும் ஒருமுறைகூடக் காட்டியதில்லை. காட்டுவதற்கு எண்களும் இல்லை, ஏனென்றால் நாங்கள் எழுதியதில்லை.

பதிவு என்றதும் நோயாளியின் கோப்பில் எச்சரிக்கைக் குறி இடும் வழக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் போர்ட்லாந்தில் உள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்று, முன்பு வன்முறையில் ஈடுபட்டவர்களைக் கணினியில் குறித்துவைத்ததில் தாக்குதல்கள் 91.6 சதவீதம் குறைந்ததாக 1989இல் வெளியான ஆய்வு கூறியது. கவர்ச்சியான எண். ஆனால் அத்தகைய குறி கறுப்பின நோயாளிகளின் கோப்புகளில் விகிதத்துக்கு மீறி விழுகிறது என்று அமெரிக்காவில் பின்னாளில் வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. யார் இடுகிறார்கள், எதன் அடிப்படையில், எப்போது நீக்குவார்கள் என்ற மூன்றுக்கும் எழுத்தில் விதி இல்லாத இடத்தில் இந்தக் குறியை அனுமதிக்கக் கூடாது என்பது என் கருத்து. ஒரு மோசமான இரவின் பெயரால் ஒருவருக்கு ஆயுள் முழுவதும் அரைகுறை சிகிச்சை கிடைப்பதும் ஒரு வன்முறைதான்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2019இல் ஏற்கப்பட்டு 2021இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கை, வன்முறையும் துன்புறுத்தலும் இல்லாத பணியுலகை ஒவ்வொருவரின் உரிமையாக அங்கீகரிக்கிறது; உடனடியான கடும் ஆபத்து இருப்பதாக நம்பத் தகுந்த காரணம் இருந்தால், பழிவாங்கலுக்கு அஞ்சாமல் அந்த இடத்தைவிட்டு விலகும் உரிமையையும் தருகிறது. வீடு வீடாகப் போகும் செவிலியருக்கும் ஆம்புலன்ஸ் ஊழியருக்கும் இந்த வரி உயிர்க்கவசம்; அவர்கள் தனியே போகிறார்கள், அவர்களுக்கு அபாய மணியும் கிடையாது, கதவு யாருடையதோ. கடுமையான தண்டனை விதிக்கும் சட்டங்கள் பல நாடுகளில் இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். ஆனால் தகப்பனைப் பறிகொடுத்த நிமிடத்தில் நிற்கும் ஒருவர் எந்தச் சட்டப்பிரிவை நினைத்துப் பார்ப்பார்?

ஒன்றை மறைக்க முடியாது. எங்கள் மீது விழும் வன்முறை வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. அறுவை அரங்கில் கருவியை எறியும் மூத்தவரும், எல்லோர் முன்னிலையிலும் பயிற்சி மாணவியை அழவைக்கும் மேற்பார்வையாளரும் இருக்கிறார்கள். அவர்களைப் பொறுத்துக்கொள்ளும் மருத்துவமனை, நோயாளியின் உறவினரிடம் ‘சகித்துக்கொள்ள மாட்டோம்’ என்று சுவரொட்டி ஒட்டும்போது, அதை முதலில் நம்பாதவர்கள் அதன் பணியாளர்களே.

தாக்குதல் நடந்த பிறகு நிறுவனம் எப்படி நடந்துகொள்கிறது என்பது அடுத்த தாக்குதல் எழுதப்படுமா என்பதைத் தீர்மானிக்கிறது. அடிபட்டவரை அந்த ஷிஃப்டின் மீதி நேரத்துக்கு விடுவித்து, சம்பளத்தைப் பிடிக்காமல் இருப்பது. காயத்தைப் பரிசோதித்து எழுதுவது. காவல் நிலையத்துக்குப் போக விரும்பினால் நிர்வாகத்திலிருந்து ஒருவர் கூடப் போவது. மூன்று நாள் கழித்து மறக்காமல் கேட்பது. எனக்கு அப்போது வேண்டியிருந்தது இவற்றில் எதுவுமே இல்லை. அந்த ஸ்கேன் இயந்திரம் பழுது என்ற செய்தி ஏன் வார்டுக்கு வரவில்லை என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால் போதும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

இப்போது நான் இருக்கும் இடத்தில் படிவம் அரைப் பக்கம்தான். மூன்றாம் பக்கக் கேள்வி இல்லை, அதற்குப் பதிலாக, “இதற்கு முன்பு என்ன நடந்தது?” என்று இருக்கிறது. அண்மையில் ஒரு நாள் அதிகாலை நான்கு மணிக்கு, வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரமே ஆன ஒரு பெண் அதைக் கொண்டுவந்து நீட்டினாள். பென்சிலில் எழுதியிருந்தாள்: ‘ஸ்ட்ரெச்சர் வர 50 நிமிடம். நோயாளியின் அண்ணன் மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை மேசையைக் கையால் அடித்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்ட்ரெச்சர் இல்லை என்று சொன்னேன். அவரும் உட்கார்ந்தார். மூன்று ஸ்ட்ரெச்சரில் ஒன்றுக்குச் சக்கரம் இல்லை.’

“ஒன்றுமே நடக்கவில்லையே அக்கா, இதையெல்லாமும் எழுதலாமா?” என்று கேட்டாள்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, சக்கரத்தைப் பற்றிக் கேட்கப் பராமரிப்புப் பிரிவுக்குப் போன் செய்தேன்.